சுல்மீராவின் மோட்டார்

நான் ரொட்டி சுடுகிறவன். ஊர் எழுவதற்கு வெகுமுன்பே அடுப்பருகில் நிற்பவனுக்குப் பிற்பகல்கள் பாதித் தூக்கத்தில்தான் போகும். அதனால் நான் சொல்வதெல்லாம் நடந்ததுதான் என்றாலும், என் நினைவில் அது பைன் காட்டைக் கடந்து வரும் கடல்மூட்டத்துக்குள்ளேயே நடக்கிறது.

என் மனைவி சுல்மீரா, மரீஞா கிராண்டே ஊரில், பிளாஸ்டிக் சாமான்களை வார்க்கும் அச்சு செய்யும் பட்டறையில், இரும்பைச் சீவும் மில்லிங் மெஷின் ஓட்டுபவள். அங்கே மூலையில் கிடந்த பழைய மெஷின் ஒன்றை இடத்தை அடைக்கிறது என்று கழித்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை அது எங்கள் வீட்டுக்கு வந்திறங்கியது. ஒன்றேகால் டன். வண்டிக் கொட்டகையை அது பிடித்துக்கொண்டதால், அன்றிலிருந்து என் ரொட்டி வேன் தெருவில் நின்றது.

"பகலெல்லாம் அதோட நிக்கிறது பத்தலையா? வீட்லயும் அதேவா?" என்றேன்.

"அங்க அவங்க சொல்றத வெட்டுறேன். இங்க எனக்குத் தோணுறத வெட்டுவேன். நீயுந்தான் ஞாயித்துக்கிழம நமக்குன்னு தனியா கேக் சுடுற. அது எதுக்காம்?"



எங்கள் வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ் மின்சாரம். மெஷினுக்கு த்ரீ பேஸ் வேண்டும். ஒன்றை மூன்றாக்கித் தரும் டிரைவ் பெட்டியை வாங்கிச் சுவரில் மாட்டினாள். ஆனால் அது கொடுப்பது இருநூற்று முப்பது வோல்ட். மோட்டார் கேட்பதோ முந்நூற்றெண்பது. உள்ளேயிருக்கும் மூன்று சுருள்களை வேறு விதமாக இணைத்தால் இருப்பதே போதுமாம். அதற்கு மூன்றின் நுனிகளும் ஒன்றுசேரும் இடத்தைப் பிரிக்க வேண்டும். அந்த இடமோ செப்புக் கம்பிகளுக்கடியில் வார்னிஷில் புதைந்து கிடந்தது.

மோட்டாரைக் கழற்றித் திறந்து, பட்டறை விட்டு வந்து மூன்று பிற்பகல்கள் தேடினாள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரக்குச்சியால் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். நான் நாற்காலியில் கண் சொருகிக் கிடந்தேன். விழிக்கும்போதெல்லாம் அந்த வெளிச்சம் செம்பின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. நான்காம் நாள், "கெடச்சிருச்சு" என்றாள், சர்ச்சுக்குள் பேசும் குரலில். நுனிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் புதுக் கம்பி பற்றவைத்து வெளியே கொண்டுவந்தாள்.

அவிழ்த்த சுருள்களை மறுபடி நூலால் இறுகக் கட்டுவதுதான் மிச்சம். தளர்ந்திருந்தால் ஓடும்போது அதிர்ந்து உரசிக் கருகிவிடும். சுல்மீராவுக்கு முடிச்சு வராது. இரும்பை மயிரிழை பிசகாமல் சீவும் கை, நூலைக் கண்டால் குழந்தைக் கையாகிவிடும். மூன்று முறை கட்டினாள். மூன்று முறையும் நெகிழ்ந்தது.

"உங்க அக்கா கட்டுவாங்க" என்றேன்.



அக்கா இல்டா, வியெய்ரா கடற்கரையில் வலை பின்னுகிறவள். ஆறு வருடம் முன்பு, அப்பாவின் படகைத் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யாருக்கோ கொடுத்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. இரண்டு நாள் சுல்மீரா மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அதைப் போர்வையில் சுற்றி, வேனில் ஏற்றச் சொன்னாள்.

கரையில் மூட்டம் இறங்கியிருந்தது. கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் இருந்தது. கொட்டகை வாசலில் மடி நிறைய வலையோடு உட்கார்ந்திருந்த இல்டா, தங்கையைப் பார்க்காமல் போர்வையைப் பார்த்தாள்.

"என்னடி அது, பன்னிக்குட்டியா?"

"மோட்டாரு."

"ஆறு வருஷம் கழிச்சு அக்காளப் பாக்க வர்றவ, மோட்டாரத் தூக்கிட்டு வர்றா. மாப்ள, இவள வெச்சுக்கிட்டு எப்படித்தான் காலந்தள்ளுறீங்க?"

"பாதி நேரம் தூங்கிருவேன்" என்றேன்.

இல்டா வலையை ஒதுக்கிவிட்டு நூலை எடுத்தாள். சுல்மீரா விளக்குப் பிடித்தாள். கம்பிக் கற்றைகளுக்கிடையே ஊசி போய்ப் போய் வந்தது. பாதியில், தலை நிமிராமலே இல்டா சொன்னாள்:

"படகு அடிப்பலக உளுத்துப்போச்சுடி. உங்கிட்டச் சொன்னா அதையும் ரிப்பேர் பண்றேன்னு உக்காருவ. அப்புறம் அதுலயே கடலுக்குப் போவ. எனக்குப் பயமா இருந்துச்சு."

"அத அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல?"

"கேக்குற மூஞ்சியாவா இருந்துச்சு அது?"

சுல்மீரா அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். வெளிச்சம் கம்பியை விட்டு விலகியது. "நேராப் பிடிடி" என்றாள் இல்டா.

சுருள்களின் மேல் பூசிய புது வார்னிஷை, நான் இப்போது ரொட்டி சுடாத பழைய அடுப்பில் காயவைத்தோம். சீவும் கட்டரை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீளத் திருகுக் கம்பி மெஷினில் இல்லை. பட்டறையில் சாப்பாட்டு வேளையில் சுல்மீராவே கடைந்து எடுத்துவந்தாள். வெட்டும் கட்டியை இறுக்கிப் பிடிக்கும் வைஸ், பழைய சாமான் சந்தையில் கிடைத்தது.

நவம்பர் முதல் தேதி, விடுமுறை. இல்டா மீனும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்புச் சட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். சுல்மீரா குமிழைத் திருப்பினாள். மெஷின் முனகியது, சுழன்றது, எதிர்ப்பக்கமாக.

"உன்ன மாதிரியே ஏட்டிக்குப் போட்டிதான்!" என்று இல்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சுல்மீராவும் சிரித்துவிட்டாள். மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியின் விளக்கு அணையும்வரை பொறுத்து, இரண்டு கம்பிகளை இடம் மாற்றினாள். இம்முறை கட்டர் மெல்ல, கனவில் யாரோ திரும்பிப் பார்ப்பதுபோல, சரியான பக்கம் சுழன்றது. வேகம் கூட்டினாள். அலுமினியக் கட்டியிலிருந்து வெள்ளிச் சுருள்கள் எழுந்து உதிர்ந்தன. அந்த ரீங்காரத்தில் நான் தூங்கிப்போனேன்.

விழித்தபோது மெஷின் நின்றிருந்தது. குழம்பு ஆறிக் கிடந்தது. வைஸிலிருந்த கட்டியின் மேல் இல்டா விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழுவழுன்னு இருக்குடி. இத வெச்சு என்ன செய்யப்போற?"

"தெரியல. இன்னிக்குச் சும்மா சமமாக்குனேன்."

"இன்னொரு தரம் ஓட்டேன், பாப்போம்."