வளைந்த மூன்று ஊசிகள்

மதிய இடைவேளையில் மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது, அவள் கைப்பையிலிருந்து தன்னுடைய டெர்மா ரோலரை எடுத்து உருப்பெருக்கி விளக்கின் அடியில் பிடித்தாள். பல் ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கழுவி, உறையிலிட்டு, நீராவியில் வைத்து எடுப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக அந்த விளக்குதான் அவளுக்குச் சோறு போடுகிறது. ஒரு துளி கறை மிச்சமிருந்தாலும் மொத்தத் தட்டையும் திரும்பக் கழுவ வைப்பாள் என்பதால், அங்கே அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். காதுபடவே கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ரோலர் என்பது பெரிய விஷயமில்லை. ஷேவிங் ரேசர் மாதிரி ஒரு கைப்பிடி, நுனியில் கட்டைவிரல் பருமனில் ஒரு உருளை, உருளை முழுக்க ஐந்நூறுக்கும் மேல் பொடி ஊசிகள். அரை மில்லிமீட்டருக்கு மேல் வீட்டில் வேண்டாம் என்று தோல் டாக்டர் சொல்லியிருந்தார். பதினாறு வயதுப் பருக்கள் அவள் கன்னத்தில் விட்டுப்போன குழிகளுக்காக வாங்கியது. விளக்கடியில் ஊசிகள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு வரிசையில் மட்டும் மூன்று ஊசிகளின் முனை கொக்கி மாதிரி வளைந்திருந்தது. அவற்றில் ஒன்றில், நகத்தளவு நீளத்துக்கு ஒரு கறுப்பு முடி சிக்கியிருந்தது.

அவள் கை இப்படி வளைக்காது. மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் அவள் அதைத் தொடுவாள். முகத்தைக் கழுவித் துடைத்து, ரோலரைப் பத்து நிமிடம் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, நெடுக்காக நாலு தடவை, குறுக்காக நாலு தடவை. திசை மாற்றும்போது தூக்கித்தான் வைப்பாள், தோலில் இருக்கும்போதே திருப்ப மாட்டாள். அழுத்தவும் மாட்டாள், ரோலரின் எடையே போதும். ஒரு பரு புதிதாகக் கிளம்பியிருந்தால் அந்தத் தடவை கிடையாது. முடிந்ததும் வெறும் ஈரப்பதக் களிம்பு, மறுநாள் வெயில் படாமல் ஆஸ்பத்திரி. திரும்ப ஊறவைத்து, உலர்த்தி, டப்பாவில் போட்டு, உறைகளுக்கு ஒட்டும் டேப்பில் ஒரு துண்டை மூடியில் ஒட்டித் தேதி எழுதிவிடுவாள். இன்று காலை அந்த டேப் ஒரு நூல் அளவு விலகி ஒட்டியிருந்தது. வேறு யாருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது.

எலும்பு இருக்கும் இடத்தில் அழுத்தி உருட்டினால்தான் ஊசி வளையும். கன்னத்துச் சதையில் எங்கே எலும்பு? நெற்றி, என்று அவள் மனம் உடனே தீர்ப்பெழுதிவிட்டது. வீட்டில் கூடவே இருக்கும் நாத்தனாருக்குத்தான் நெற்றி முழுக்கப் பரு. இரண்டு மாதம் முன்பு அதை மறைக்க முன்முடியைக் கத்தரித்துக்கொண்டவளும் அவள்தான். போன வாரம் ஒரு காலையில் முகம் சிவந்து வந்து நின்றவளும் அவளேதான். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, “ஒண்ணும் இல்ல அண்ணி, புது க்ரீம் ஒத்துக்கல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொண்டுவந்த சாப்பாடு திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

சாதாரண வீடாக இருந்தால், யாருடி என் சாமானைத் தொட்டது என்று ஒரு சத்தம் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் அவள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருந்தது. இரண்டரை வருடம் முன்பு ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் எடுத்த பரிசோதனையில் தெரிந்தது; முடிவு மூடிய உறையில் அவள் கைக்கு மட்டுமே வந்தது. எப்போது, எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கல்லீரல் நன்றாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்றார் கல்லீரல் டாக்டர். சேர்ந்து சாப்பிட்டால், தொட்டால் பரவாது, ரத்தம் படும் பொருள் மட்டும் தனியாக இருக்கட்டும், வீட்டில் உள்ளவர்கள் பரிசோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும் என்றார். கணவன் அந்த மாதமே போட ஆரம்பித்துவிட்டான். மூன்று ஊசியும் முடிந்து, எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்று சீட்டும் வாங்கினான். தங்கைக்கு மட்டும், “நான் சொல்லிக்கிறேன், அவ பயந்துடுவா, பக்குவமா சொல்லணும்” என்றான். அந்தப் பக்குவம் இன்னும் வந்தபாடில்லை. அவளும் நெருக்கவில்லை. நெருக்காததற்குக் காரணம் பயம்தான். ஒருத்திக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும், ஆஸ்பத்திரியில் அந்த விளக்கும் போய்விடும் என்ற பயம்.

ஆகவே நகவெட்டி தனி, ரேசர் தனி என்று வாயைத் திறக்காமல் பிரித்து வைத்தாள். நாத்தனார் ஒருமுறை ரோலரைக் கேட்டபோது, வெடுக்கென்று, “வேணும்னா புதுசா வாங்கிக்கோ, என்னோடதத் தொடாத” என்றாள். “தொட்டா தேஞ்சா போயிடும்?” என்று கேட்டுவிட்டுப் போன அந்தப் பெண், அதற்கப்புறம் இவளிடம் ஒரு ஹேர்பின்கூடக் கேட்டதில்லை.

சாயங்காலம் நாத்தனார் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக ரோலர் டப்பாவை நாத்தனார் முன்னால் வைத்தாள்.

“இத நீ எடுத்தியா?”

“இல்லையே.”

“பொய் சொல்லாத. திட்ட மாட்டேன். எத்தனை தடவை எடுத்த, கடைசியா எப்போ, அத மட்டும் சொல்லு.”

“நான் எடுக்கவே இல்ல அண்ணி. உங்க பொருள் பக்கமே நான் வர்றதில்ல, உங்களுக்கே தெரியும்.”

திருடியைக் கையும் களவுமாகப் பிடித்தால் இப்படித்தான் சொல்வாள் என்று அவளுக்குத் தோன்றியது. நெற்றியைப் பார்த்தாள். முடிக்கு அடியில் பருக்கள் பழுத்திருந்தன. இதன் மேலா உருட்டினாள்? வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்த பேச்சு மறந்துபோய், வாய் நேராக அங்கே போய் நின்றது.

“எனக்கு ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு. கல்லீரலத் தாக்குற கிருமி. ரெண்டரை வருஷமா இருக்கு. அந்த ஊசி என் ரத்தம் பட்ட ஊசி. நீ போட்டிருந்தா நாளைக்கே டாக்டரப் பாக்கணும், தடுப்பூசி போடணும். சீக்கிரம் போட்டாதான் பலன். அதான் கேக்குறேன். தயவுசெஞ்சு சொல்லு.”

நாத்தனார் கையில் ஒரு சட்டை பாதி மடித்தபடி நின்றது.

“சத்தியமா நான் எடுக்கல, அண்ணி.”

அப்போதுதான் கணவன் உள்ளே வந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன், நாளெல்லாம் பிரேக்கின் மேல் கால் வைத்திருப்பவன். வந்தவன் டப்பாவைப் பார்த்தான், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். கழற்றப்போன தொப்பியைக் கழற்றாமல் கையை இறக்கினான். இரண்டு மாதமாக வெயிலுக்கு என்று சொல்லி மாட்டிக்கொண்டு திரியும் தொப்பி.

பூதக்கண்ணாடிக்கு அந்த ஒரு அசைவு போதும். அவள் எட்டித் தொப்பியைப் பிடுங்கினாள். ஒட்ட வெட்டிய முடிக்கு நடுவே, முடி பின்வாங்கிய உச்சந்தலையில், சிவப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்தன. அடியில் நல்ல கெட்டியான எலும்பு.

“முடி முளைக்கும்னு வீடியோல பாத்தேன்,” என்றான் அவன். “எனக்குத்தான் ஊசி போட்டாச்சே, எனக்கு என்ன ஆகப்போகுதுன்னு... கழுவித்தான் வச்சேன்.”

“எதுல கழுவினீங்க?”

“குழாய்லதான்.”

அவன் பொடுகுத் தலையில் உருட்டியதைத்தான் போன தடவை தன் கன்னத்தில் உருட்டியிருக்கிறாள். வேறொரு நாளாக இருந்தால் அவனை வாசல்வரை துரத்தியிருப்பாள். இன்று சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுபோயிற்று. நாத்தனார் பொய் சொல்லவில்லை. அவள் எதையும் தொடவில்லை. இரண்டரை வருடம் மூடி வைத்ததை, வளைந்த மூன்று ஊசிக்காகத் தானே திறந்து கொட்டியிருக்கிறாள். தன் கண்ணின் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

நாத்தனார் அவளைப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு ஊசி போட்டாச்சா? எப்போ?”

“அப்பவே பாப்பா... தெரிஞ்ச உடனே.”

“எனக்கு?”

உன்னிடம் பக்குவமாகச் சொல்ல இருந்தேன் என்று ஏதோ மென்று முழுங்கினான்.

“வீட்ல மூணு பேர். ரெண்டு பேருக்குத் தெரியும். எனக்குத் தெரியாம எனக்கே தனி நகவெட்டி.” நாத்தனார் குரல் உயரவில்லை. “அண்ணிக்கு என்னப் பாத்தா அருவருப்புன்னு நெனச்சிட்டிருந்தேன். இந்த மூஞ்சியத்தான்னு நெனச்சேன்.”

“ஐயோ, இல்லடா,” என்றாள் அவள். அந்த ‘டா’ அவள் வாயில் இதற்குமுன் வந்ததே இல்லை. “அப்படி எல்லாம் இல்ல. நாளைக்கு நான் லீவு போடறேன். ரெண்டு பேரும் சேந்து போய் டெஸ்ட் எடுத்து...”

“நானே போய்க்கிறேன்.”

மடித்த துணிகளை நாத்தனார் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். கணவன் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். அந்தக் கதவு திறக்க நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் ஆஸ்பத்திரிச் சட்டையைக்கூட மாற்றாமல் ஹாலிலேயே நின்றாள்.

நாத்தனார் ஃபோனோடு திரும்பி வந்து, சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். என்ன படிக்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. உதடு ஒவ்வொரு வார்த்தையாக அசைந்தது. ஒரு இடத்தில் நின்றது, கட்டைவிரல் மேலே தள்ளி, அதையே மறுபடி படித்தது. அவள் அந்த உதட்டையே பார்த்தாள். எந்த வரியில் இருக்கிறாள்? சேர்ந்து சாப்பிடலாம் என்ற வரியிலா, ரத்தம் என்ற வரியிலா?

படித்துக்கொண்டே, தலை நிமிராமல், நாத்தனார் நீட்டியிருந்த காலை மடக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சோபாவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது. அவள் உட்காரவா, அவளிடமிருந்து விலகவா? காலியான அந்த இடத்தில் சோபாத் துணியின் சுருக்கங்கள் மெல்ல மெல்ல நிமிர்வதை அவள் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.