வாசிக்காத பெயர்

ராகேலின் பெயரை வாசிப்பார்கள் என்று அவள் புருஷன் ஞானசிகாமணியிடம் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவள் சற்குணம்தான். சொன்ன வாயில் சூடு வைக்க வேண்டும் என்று பிறகு அவளுக்கே தோன்றியது. ஆனால் அந்த இரண்டாம் சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி வரை அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை.

கன்னியர் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், எல்லாரும் நாற்காலிகளுக்குப் பின்னே நிற்கும்போது, ஒரு சிஸ்டர் கறுப்பு அட்டை போட்ட புத்தகத்தைத் திறந்து, அதே தேதியில் இறந்துபோன சபைச் சகோதரிகளின் பெயர்களை வாசிப்பார். பெயர், இறந்த ஊர், வயது. செத்து நூறு வருஷம் ஆனவளானாலும் விடமாட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எல்லாருமாகச் சேர்ந்து, "முடிவில்லாத ஒளி அவள்மேல் ஒளிர்வதாக" என்று பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மணி அடிக்கும். சோற்றில் கை வைக்கலாம்.

சற்குணமும் ராகேலும் சிஸ்டர்கள் அல்ல, அசோசியேட்டுகள். வீடு, புருஷன், பிள்ளைகுட்டி எல்லாம் இருக்க, சபையோடு சேர்ந்து ஜெபிக்கவும் உழைக்கவும் வருஷந்தோறும் பீடத்தின் முன் வாக்குக் கொடுத்தவர்கள். கழுத்தில் ஒரு சின்னப் பதக்கம், அவ்வளவுதான் அடையாளம். மொத்தம் ஆறு பேர். எல்லாரும் திருவனந்தபுரம் சாலை பஜாரைச் சுற்றிக் குடியிருந்த தமிழ்க்காரிகள். சற்குணம் தோசை மாவு அரைத்து விற்றாள். ராகேல் ஒரு தையல் கடையில் காஜா எடுத்தாள்.

மடத்து மாடியில் நான்கு கிழச் சிஸ்டர்கள் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். அவர்களைக் குளிப்பாட்டுவது அசோசியேட்டுகளின் ஊழியம் என்று முடிவாகியிருந்தது. ஆறு பேரின் ஊழியம் என்று பெயர்தான், பாதிக்குமேல் ராகேல்தான் செய்தாள். சிஸ்டர் பெனீற்றாவின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படுக்கைப் புண் வந்தபோது, நர்ஸ் படித்த சிஸ்டரே மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். ராகேல் நாலு மாதம் தினமும் வந்து கழுவி, மருந்து வைத்து, அதை ஆற்றினாள். அந்த நாலு மாதமும் ஞானசிகாமணி தன் சோற்றைத் தானே வடித்துத் தின்றார்.

போன வருஷம் ஜூலை பதின்மூன்றாம் தேதி ராகேல் கடையில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே சரிந்தாள். மண்டைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். வயது ஐம்பத்தொன்று. அடக்கத்துக்கு எல்லா சிஸ்டர்களும் வந்தார்கள். மதர் ஜெசிந்தா குழிக்கரையில் நின்று, பாலா ஊர் மலையாளத்துக்காரியின் தமிழில், "ராகேல் எங்களில் ஒருத்தி. அவளோட பேர் வருஷாவருஷம் எங்க மடத்தில வாசிக்கப்படும்" என்று சொன்னார். கேட்டுச் சற்குணம் தேம்பித் தேம்பி அழுதாள். ராகேலுக்காக மட்டும் அழவில்லை. நாளைக்குத் தன் பெயரையும் யாரோ சொல்வார்கள் என்ற நினைப்பும் அந்த அழுகையில் இருந்தது. அது உண்மை, ஒளித்து என்ன ஆகப்போகிறது?

ஞானசிகாமணி அழவில்லை. சாலை பஜாரில் அரிசி மூட்டை சுமக்கிறவர். கோயில் பக்கம் போய்ப் பல வருஷம் ஆயிற்று. "பாப்போம்" என்றார். ஒரு வருஷம் கழித்து, தேதி இரண்டாம் சனிக்கிழமையாக, அசோசியேட்டுகள் மடத்தில் கூடிச் சாப்பிடும் நாளாகவே வந்து விழுந்தது. சற்குணம் அவர் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, சனியாழ்ச்ச நீங்க மடத்துக்கு வரணும். ராகேலுக்க பேரை வாசிப்பாவ."

"அவளுகளா? உயிரோட இருக்கும்போ ஒரு வாய் சாய குடிச்சிட்டுப் போன்னு சொல்லாதவளுக."

"சும்மா கிடங்க. மதரே வாயால சொன்னது. நான் பொறுப்பு."

வந்தார். மூட்டை சுமக்கும்போது போடும் நீலச் சட்டையை விட்டு, பெட்டி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குடையை மடக்கிப் பிடித்தபடி நின்றார்.

புத்தகம் திறந்தது. "சிஸ்டர் மரீ ஹுபெர்த். பெல்ஜியத்தில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. எழுபத்தாறாம் வயதில்." முடிவில்லாத ஒளி ஒளிர்ந்தது. "சிஸ்டர் அகாத்தா. கொல்லத்தில். அறுபத்திரண்டாம் வயதில்." அவருக்கும் ஒளிர்ந்தது. புத்தகம் மூடியது. மதர் மணியை எடுத்தார்.

"மதரே, ஒரு நிமிஷம்" என்றாள் சற்குணம். "ராகேலுக்க பேரு?"

சாப்பாட்டு அறையில் நின்றுகொண்டு யாரும் அப்படிப் பேசுவதில்லை. மதர் மணியைப் பிடித்த கையோடு புன்னகைத்தார்.

"சற்குணம், புஸ்தகம் தலைமை மடத்திலேர்ந்து அச்சடிச்சு வருது. வாழ்நாள் விரதம் எடுத்தவங்க பேர் மாத்திரமே அதில உண்டு. சபையோட ரூல் ஆணு. நான் என்ன செய்ய?"

"அப்போ குழிக்கரையில நின்னு சொன்னது?"

"அது... அந்த நேரத்தில ஒரு ஆசுவாசத்துக்குப் பறஞ்சதல்லே? ராகேலுக்காக வேணும்னா ஜெபப் பெட்டியில ஒரு சீட்டு எழுதிப் போடு. நாளை பூசையில ஓர்த்து ஜெபிக்கலாம்."

ஆசுவாசத்துக்கு. ஒரு வருஷமாக அந்தப் பேச்சை நம்பித் திரிந்ததும், இந்த மனுஷனைச் சட்டைக்குப் பெட்டி போடவைத்துக் கூட்டிவந்ததும் நினைவுக்கு வர, சற்குணத்துக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து பொங்கின. திரும்பிப் பார்த்தாள். ஞானசிகாமணி 'பாத்தியா' என்றுகூட முகத்தில் காட்டவில்லை. தன் காலடியில் சொட்டிய குடைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவளைத் திட்டியிருந்தால் தேவலை.

அவள் நாற்காலியை நகர்த்திவிட்டு, நடுவில் வந்து நின்றாள். புத்தகம் வாசிக்கிற சிஸ்டரின் அதே ராகத்தில் சொன்னாள்:

"ராகேல். அசோசியேட். திருவனந்தபுரத்தில். ஐம்பத்தொன்றாம் வயதில்."

பெல்ஜியத்துக்காரிக்குச் சட்டென்று வந்த பதில், இதே மேசையிலிருந்து எத்தனையோ முறை எழுந்து மாடிக்கு ஓடியவளுக்கு வரவில்லை. சில சிஸ்டர்கள் தட்டைப் பார்த்தார்கள். ஒருத்தி மதரைப் பார்த்தாள். சற்குணம் மறுபடியும், இன்னும் உரக்கச் சொன்னாள். இந்த முறை மேசையின் கடைசியிலிருந்து அசோசியேட்டுகளில் ஒருத்தியான லில்லிபாய் தொண்டையைச் செருமி, "முடிவில்லாத ஒளி..." என்று தொடங்கினாள். மற்ற மூன்று அசோசியேட்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். நாலே நாலு குரல்.

மதரின் முகம் சிவந்துவிட்டது. "இது பிரார்த்தனை நேரம். ஷோ காட்டுற இடமல்ல. இப்படியானா அடுத்த மாசம் நீ வர வேண்டா."

"வரல்ல" என்றாள் சற்குணம். "நாங்க ஒருத்தியும் வரல்ல. மாடியில கிடக்குற நாலு பேரையும் யாரு குளிப்பாட்டுவா? பெல்ஜியத்திலிருந்து மரீ ஹுபெர்த் எந்திரிச்சு வருவாளா? பீயள்ளும்போ நாங்க சபை, பேரு சொல்லும்போ நாங்க யாரோ! நல்லா இருக்கு மதரே உங்க ரூலு!"

சாப்பிடாமல் வெளியே வந்தாள். பின்னால் மணி அடித்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. தின்னட்டும், நன்றாகத் தின்னட்டும் என்று பல்லைக் கடித்தாள். ஞானசிகாமணி அதற்குள் முற்றத்தில் இறங்கிக் குடையை விரித்திருந்தார். ஆனால் அவள் வாசலுக்குப் போகவில்லை, மாடிப்படியில் கால் வைத்தாள்.

"இன்னும் அங்கயா போறே?" என்றார் அவர். குரலில் முதல்முறையாகக் கோபம்.

"பெனீற்றாம்மாவுக்கு இண்ணைக்குக் குளி. சனியாழ்ச்ச ராகேலுக்க முறை. அவ செத்த பொறவு நான் செய்யுதேன். அந்தக் கிழவி என்னண்ணே செஞ்சா? செத்த நேரம் நில்லுங்க."

சிஸ்டர் பெனீற்றாவுக்கு எண்பத்தாறு வயது. கோட்டாறு பக்கத்துக்காரி, நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவர். கண் போய்விட்டது. சற்குணம் அவரைத் தூக்கிக் குளியலறை நாற்காலியில் உட்காரவைத்து, வெந்நீரை விளாவினாள். முதல் செம்பு தண்ணீர் பாதி தரையில் போயிற்று.

"கீழ என்ன ஒச்சயும் சத்தமும்?" என்று கேட்டார் கிழவி.

"ராகேலுக்க பேரை வாசிச்சோம் சிஸ்டரம்மா. பதில் சொல்லத்தான் உங்க ஆளுகளுக்கு வாயில்ல. ரூல் இல்லியாம்."

சற்குணம் முதுகில் சோப்புப் போட்டாள். ஆறிய புண்ணின் தழும்பு, ராகேல் நாலு மாதம் கழுவிய இடம், விரலில் வழுவழுவென்று தட்டுப்பட்டது. அவளுக்கு அழுகை வந்தது. கோபம் குறைந்து வந்த அழுகை அல்ல அது.

"முடிவில்லாத ஒளி அவள்மேல் ஒளிர்வதாக" என்றார் பெனீற்றா, வாய்க்குள்ளேயே.

சற்குணம் சோப்புக் கையோடு எழுந்து போய், ஜன்னலின் இரண்டு கதவையும் தள்ளித் திறந்தாள். நேர் கீழே சாப்பாட்டு அறை. கரண்டிச் சத்தம் மேலே கேட்டது. முற்றத்தில் ஞானசிகாமணியின் குடை தெரிந்தது.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள். "கீழ கேக்கணும்."

கிழவி தலையை நிமிர்த்தினார். பின்வரிசைப் பிள்ளைக்கும் கேட்கும்படி பாடிக் காட்டிய தொண்டை அது. இந்த முறை சொன்னபோது கீழே கரண்டிகள் நின்றன. ஞானசிகாமணி குடையைத் தாழ்த்தி, மழையில் முகத்தை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தார்.

சற்குணம் அடுத்த செம்புத் தண்ணீரை மொண்டாள்.

"இன்னும் சத்தமா, சிஸ்டரம்மா."