கழற்றிக் கொடுத்த உத்தரியம்

வானும் கடலும் ஒரே செம்மையில் தோய்ந்து, எது அலை எது முகில் எனப் பிரித்தறிய ஒண்ணாதிருந்த ஓர் அந்திப்பொழுதில், நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், பாம்பன் கரையில் காயவைத்த கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்தாள் யாகப்பம்மாள். தான் மனைவியா, கைம்பெண்ணா என்பது அவளுக்கே விளங்கவில்லை. போர்க்காலத்தில் சரக்குக் கப்பல்களுக்குத் துணைசென்று காத்த போர்க்கலம் ஒன்றில் அவள் கணவன் வியாகுலம் பணிபுரிந்தான்; பகைவரின் நீர்மூழ்கியால் தாக்குண்டு அக்கலம் வங்கக் கடலில் ஆழ்ந்த நாள்முதல் அவன் திரும்பவில்லை. கடலில் மறைந்தவன் மாண்டதைக் கண்டவர் வந்து சொல்லும்வரை அவனுக்குச் சாவுமணி அடிப்பதோ துக்கம் காப்பதோ இல்லை என்பது அவ்வூர் வழக்கம். ஆண்டு நான்காகியும் மணி ஒலிக்கவில்லை. பாவம், அவளுக்கு வாய்விட்டு அழவும் வழியில்லை.

அவ்வேளையில், அக்கலத்தில் உடன் பணிபுரிந்து உயிர் தப்பிய உழவர் மகன் சோணைமுத்து, அவள் ஊரை இப்போதுதான் விசாரித்தறிந்து, முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து அவளைத் தேடி வந்து நின்றான். அவன் கழுத்தைக் கண்டதும் கூடை அவள் கைநழுவியது. அங்கே கிடந்தது, மாதா உருவம் பதித்த துணித்துண்டை நூலில் கோத்த உத்தரியம். அணிந்தபடி இறப்பவர் நரகத் தீயைக் காணார் என்று அக்கரையோர் நம்பும் பொருள். அதன் ஓரத்து நீலத்தையல் அவள் கைத்தையல்.

"எனக்கு நீச்சல் தெரியாது மதினி. கப்பல் சாயயில அண்ணன் இதை எங் கழுத்துல மாட்டி, மிதந்த பலகையில ஏத்திவிட்டாரு. இது கெடந்தா முங்க மாட்டேன்னாரு. தாயத்துன்னு நானும் நம்பிட்டேன்," என்றான்.

மூழ்காமல் காப்பதன்று அது. அஞ்சியவனைத் தேற்றக் கணவன் சொன்ன பொய். பிறனொருவனுக்காகத் தன் மறுமையையே கொடுத்துவிட்டானே என்ற சினமும், அவனன்றி வேறு யார் கொடுப்பார் என்ற பெருமையும் ஒன்றையொன்று தள்ள, எதை நினைப்பதென்று தெரியாமல் சோணைமுத்துவைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றாள்.

"அவர் மூழ்கியதைக் கண்டாயா?" என்று வினவினார் பங்குக்குரு.

"இல்ல சாமி. நான் பாத்தவரைக்கும் நீந்திக்கிட்டுத்தான் இருந்தாரு. பெறகு புகை மறைச்சிருச்சு."

"அப்படியாயின் மணி அடிப்பது எங்ஙனம்?" என்று குருவும் குழம்பினார்.

யாகப்பம்மாள் சோணைமுத்துவிடம் திரும்பினாள். "இதைத் திருப்பித் தரச் சொன்னாரா?"

"இல்ல மதினி. நீயே வச்சுக்கன்னாரு."

அவள் குருவின் பக்கம் திரும்பினாள். "குளிக்கையிலகூட இதைக் கழட்டாத மனுசன் சாமி. கரைக்கு வருவோம்னு நெனச்சிருந்தா வச்சுக்கன்னு சொல்லியிருக்க மாட்டாரு. மணியடிக்கச் சொல்லுங்க," என்றாள்.

சோணைமுத்து உத்தரியத்தைக் கழற்றப் போனான், வேண்டாமென்று தடுத்தாள். அந்தக் கொடையையே சாட்சியாகக் கொண்டு குரு இசைய, மணி ஒலித்தது. நான்காண்டு அடைபட்டுக் கிடந்த அழுகை உடைந்து பெருகியது. ஓர் உயிரைக் கரையில் விட்டுச் சென்றவனுக்கு வானகத்தில் வேறு அடையாளம் எதற்கு என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். தேற்றிக்கொண்ட பின்னும், ஒவ்வொரு மணியோசைக்கும் அவள் கண்கள் கடலைத்தான் பார்த்தன.