இரண்டு படிப்புக்காரன்

ஆதித்தன் தொழுவத்துக்குள் காலை வைத்த அன்றே ஆவுடையம்மாளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படிய வாரிய தலை, வெள்ளைச் சட்டை, வாய் நிறைய ‘அக்கா’. ஆனால் அவன் பேச்சிமுத்துவின் தங்கை மகன். அது ஒன்று போதாதா?

குற்றாலத்துச் சாரல் சீசனில் பால் விற்றுப் பிழைக்கிற யாரும் பேச்சிமுத்துவை நம்ப மாட்டார்கள். ஓட்டல், லாட்ஜ், டீக்கடை எல்லாவற்றுக்கும் அவர் பால்தான். மேலகரத்தில் செவலை ஒன்று, மயிலை ஒன்று என்று இரண்டே மாடுகளை வைத்துக்கொண்டு நாலு வீட்டுக்கு ஊற்றிவந்த ஆவுடையம்மாளின் வாடிக்கையையும் விட்டுவைக்க அவருக்கு மனமில்லை. அவள் பாலில் ஐந்தருவித் தண்ணீரும் சேர்ந்து வருகிறது என்று போன வருஷம் கிளப்பிவிட்டதே அந்த மனுஷன்தான். அப்படிப்பட்டவரின் மருமகன், அறுபத்திரண்டாம் வருஷத்துச் சாரலில், லீவுக்கு வந்த இடத்தில் பென்சிலும் கையுமாக வந்து நின்றால் யார்தான் நம்புவார்கள்?

“அக்கா, செவலை தையிலே மாசம் நிறையாமக் கன்னு வீசிருச்சாமே?”

“வீசிச்சு. அதுக்கு இப்ப என்ன?”

“அண்ணாச்சிக்குக் காய்ச்சல் எப்போலேர்ந்து?”

அவளுக்குச் சுருக்கென்றது. மாட்டைக் கேட்டான், சரி. என் புருஷனை இவன் ஏன் கேட்க வேண்டும்?

அவள் புருஷன் இசக்கியப்பனுக்கு மாசியிலிருந்து காய்ச்சல். நாலு நாள் அடிக்கும், விட்டுவிடும். ஆச்சு, பிழைத்தோம் என்று மூச்சு விடுவதற்குள் திரும்ப வந்து நிற்கும். ராத்திரி வேர்வையில் பாய் நனையும். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பான். தென்காசியில் ஒரு டாக்டர் மலேரியா என்று மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், அதுவும் கேட்கவில்லை. ஒரு மூட்டை நெல்லை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போட்டவன், இப்போது தண்ணீர்க் குடத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். எந்தப் பாவி என்ன வைத்துவிட்டானோ என்று ஆவுடையம்மாள் ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்டு முடித்திருந்தாள்.

பக்கத்து வீட்டு ரத்தினம் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். “மைனி, அவன் மெட்ராஸ்லே ரெண்டு படிப்பு படிக்கானாம். பகல்லே மாட்டு டாக்டருக்காம், சாயங்காலம் சுகாதாரமோ என்னமோ, மனுஷாளுக்குள்ளதாம். ஒரு படிப்பை ஒழுங்காப் படிக்கவனுக்கு இன்னொண்ணு என்னத்துக்கு? எனக்குச் சரியாப் படலை.”

“எனக்கு மட்டும் பட்டுதாக்கும்!”

மறுநாளும் அவன் வந்தான். “அண்ணாச்சி பால் குடிப்பாரா அக்கா? காய்ச்சாத பால்?”

ஆவுடையம்மாள் உஷாரானாள். வந்துவிட்டான் பார் விஷயத்துக்கு! ‘அந்த வீட்டுப் பாலைக் குடித்துத்தான் அவனுக்கே காய்ச்சல்’ என்று மாமன் நாளைக்கு ஊரெல்லாம் சொல்லுவதற்குத்தானே இந்தக் கேள்வி?

“பாலாவது ஒண்ணாவது! இருக்கது அத்தனையும் விலைக்குப் போகுது. அவருக்குக் கஞ்சிதான்” என்றாள்.

சொன்னது முழுப் பொய். செவலையைக் கறந்ததும், அந்தச் சூடு ஆறுவதற்குள், நுரையோடு ஒரு செம்புப் பால் புருஷனுக்குத்தான். பச்சைப்பால் உடம்பைத் தேற்றும் என்று அவள் நம்பினாள். வாடிக்கை வீட்டுக்கு அளவு குறைந்தாலும் அவன் செம்பு குறையாது.

ஆதித்தனின் முகம் தொங்கிப்போனது. “அப்படின்னா நான் நெனைச்சது தப்பா இருக்கும். ஒரு சொட்டு ரத்தம் மட்டும் எடுத்துக்கிடட்டா?”

“ரத்தமா? போலே அங்கிட்டு!”

ஆடி பிறந்ததும் மயிலையும் கன்று வீசியது. அன்றைக்கு ஆவுடையம்மாள் தொழுவத்தில் உட்கார்ந்து அழுதாள். பின்னால் விழ வேண்டிய இளங்கொடி விழாமல் தங்கிவிட்டது. காய்ச்சலோடு எழுந்துவந்த இசக்கியப்பன்தான் வெறுங்கையை விட்டு அதை இழுத்தெடுத்தான். வழக்கம்போலச் சாக்கில் சுருட்டி ரோட்டோரத்து ஆலமரத்தில் கொண்டுபோய்க் கட்டினான். பால் வடிகிற மரத்தில் கொடியைக் கட்டினால் மாட்டுக்குப் பால் வற்றாது. அதை நாய் இழுத்தாலோ, வேற்றாள் தொட்டாலோ போச்சு. கன்று போனாலும் மடியாவது மிஞ்சட்டும் என்றுதான் கட்டினான்.

மறுநாள் காலையில் பால் ஊற்றிவிட்டுத் தூக்குச்சட்டியோடு வந்த ஆவுடையம்மாள் ரோட்டில் அப்படியே நின்றுவிட்டாள். ஆலமரத்தடியில் ஆதித்தன். கையில் ரப்பர் உறை, மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை. அவள் வீட்டுச் சாக்கை அவிழ்த்துவைத்து, கொடியில் ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிக் குப்பிக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

“ஐயோ, ஓடி வாங்களேன்! என் குடியைக் கெடுக்கான், ஓடி வாங்களேன்!”

அருவிக்குப் போகிற கூட்டம்கூட நின்றுவிட்டது. ரத்தினம் வந்தாள், வயற்காட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒருத்தர் அவன் சட்டையைப் பிடித்தார். “செய்வினைக்கு எடுக்கியா? வாலே, சுடலைமாடன் கோயில்லே வந்து சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு!” சத்தம் கேட்டு இசக்கியப்பனும் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தான்.

“உங்க மாமன்தானே அனுப்பினான்? என் பாலை நாறடிச்சு வாடிக்கையைப் பிடுங்கத்தானே?” என்று ஆவுடையம்மாள் கத்தினாள்.

கைக்குட்டையை இறக்கினான் ஆதித்தன். “மாமாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுருவாருக்கா. முதல்லே அவரு தொழுவத்திலேதான் கேட்டேன். அங்கயும் மூணு மாடு கன்னு வீசிருக்கு. வெளியே சொன்னா படிப்புக்கு ஒரு பைசா தரமாட்டேன்னு சொல்லிட்டாரு.”

இப்போது சொல்லிவிட்டான், அதுவும் நடுரோட்டில். சட்டையைப் பிடித்திருந்தவர் கையை எடுத்தார்.

“மாட்டைக் கன்னு வீச வைக்கிற நோய் ஒண்ணு இருக்கு. அது மனுஷனுக்கு வந்தா விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கும். மாட்டு டாக்டரு மாட்டைப் பாத்துட்டுப் போயிருவாரு, மனுஷ டாக்டருக்கு மாட்டைப் பத்தித் தெரியாது. ரெண்டுக்கும் நடுவிலே வாரதை யாரு பாக்கது? அதுக்குத்தான் ரெண்டும் படிக்கேன். அந்தக் கிருமி கொடியிலே இருக்கும், சோதிச்சாத் தெரிஞ்சிரும். கொடியைத் தொட்டாலும் ஒட்டும், பச்சைப்பால் குடிச்சாலும் ஒட்டும். காய்ச்சிக் குடிச்சா ஒண்ணும் பண்ணாது. ஆனா இந்தக் கொடி நேத்து வந்தது, காய்ச்சல் மாசியிலேர்ந்து. பாலையும் அண்ணாச்சி தொடமாட்டாருன்னு அக்கா சொல்லிட்டாங்க. அப்போ அவருக்கு வேற ஏதோதான். நான் போயிருதேன், விட்டுருங்க.”

குப்பியைக் கீழே வைத்துவிட்டு உறையைக் கழற்ற ஆரம்பித்தான்.

ஆவுடையம்மாள் கூட்டத்தைப் பார்த்தாள். சுற்றிலும் அவள் பால் ஊற்றுகிற வீட்டுக்காரர்கள். வாயைத் திறந்தால் நாளைக்கு ஒருத்தியும் செம்பை நீட்ட மாட்டாள். திறக்காவிட்டால் இவன் போய்விடுவான், காய்ச்சல் போகாது. மாசியிலிருந்து யார் கை, யார் கை என்று தேடித் திரிந்தாளே! இசக்கியப்பன் தலையைக் குனிந்து நின்றான்.

“குடிக்காரு” என்றாள். “தெனமும் குடிக்காரு. நான்தான் குடுக்கேன். பச்சையா.”

ரத்தினம் மெல்ல நழுவியவள்தான், அப்புறம் பால் வாங்க வரவில்லை.

இசக்கியப்பனின் ரத்தம் அந்தக் குப்பியோடு மெட்ராஸுக்குப் போனது. அந்த நோயேதான் என்று பதில் வந்தது. தென்காசி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். பேச்சிமுத்து மருமகனுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டாராம். ஆவுடையம்மாள் அதைக் கேட்டு அவரை வாயாரத் திட்டினாள், பிறகு தன்னையும் திட்டிக்கொண்டாள். காய்ச்சித்தானே குடிக்கிறீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு வீடுதான் மிச்சம்.

காய்ச்சல் விட்டு வேர்வையும் நின்ற ஒரு காலையில், அவள் பாலை நன்றாகப் பொங்கவைத்து ஆற்றிக்கொண்டு வந்தாள். இசக்கியப்பன் ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சிரித்தான்.

“இது நல்லாருக்குட்டி. அந்தப் பச்சைப்பால் வாடை எனக்கு ஒருநாளும் ஆகாது. கொமட்டிக்கிட்டு வரும்.”

“என்னது? அப்போ எதுக்குக் குடிச்சீக?”

“நீ ஆசையாக் கொண்டாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் பாத்துக்கிட்டே நிப்பே. வேண்டாம்னா உன் மூஞ்சி வாடிப்போகுமேன்னுதான்.”

“அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா!” என்று கத்தினாள் ஆவுடையம்மாள். கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.