ஈறோரத்துப் பல்

அத்தை வாயைத் திறந்ததும், கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லில் ஓடிய பழுப்புக் கோடு கண்ணில் பட்டது. யாரோ பல் நிறத்திலேயே அடைத்திருந்தார்கள். ஈறோரத்தில் பாதி பெயர்ந்துபோய், மீதியைச் சுற்றி அந்தக் கோடு.

அத்தை என்று கூப்பிட எனக்கு இப்போது உரிமை கிடையாது. அவர் மகனும் நானும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து இரண்டு வருடமாகிறது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், என் பல் கிளினிக் வாசலில் பார்த்தவுடன் வாயில் அதுதான் வந்தது. அவரும் "என்னம்மா, இப்படி இளைச்சுட்ட" என்றார். நான் இளைக்கவெல்லாம் இல்லை. ஆறு கிலோ ஏறியிருக்கிறேன். ஆனாலும் யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

"யாரு அத்தை அடைச்சது?"

"வீட்டுக்குப் பக்கத்துல ஒருத்தர். சீக்கிரம் முடிச்சுட்டார். ஆறு மாசம்கூட நிக்கல. அதுவும் நல்லதாப் போச்சு." கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டார். "பல்வலின்னாத்தான் கேள்வி கேக்காம வெளிய விடுவான். உன்கிட்ட வர்றேன்னு அவன்கிட்ட சொல்லல."

உதவிக்கு இருக்கும் பெண் அன்று லீவு. எச்சில் உறிஞ்சும் குழாயை அத்தையின் கையிலேயே கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஏதோ பெரிய பொறுப்பை ஒப்படைத்ததுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்தபோது ஈறு கசிந்தது. ரத்தம் நிறுத்தும் மருந்தில் நனைத்த மெல்லிய நூலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே செருகிக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கசிவு நின்றது.

அவசரக்காரர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ரத்தம் நின்றதும் வேலை பாதி முடிந்ததுபோல இருக்கும். ஆனால் ரத்தத்தை நிறுத்திய அதே மருந்து பல்லின் மேல் படிந்து, அடுத்து வைக்கும் பசையைப் பிடிக்க விடாது. தண்ணீரை அடித்துக் கழுவி, காயவைத்துப் பார்த்து, சந்தேகமாக இருந்தால் மறுபடி கழுவ வேண்டும். கழுவும்போது ரத்தம் திரும்பக் கசிந்தால் எல்லாம் முதலிலிருந்து. கழுவாமல் அடைத்தாலும் அன்றைக்குப் பளபளவென்றுதான் இருக்கும். சில மாதத்தில் ஓரம் விட்டு, உள்ளே எச்சில் இறங்கி, கோடு விழும். அத்தை வீட்டுப் பக்கத்து டாக்டர் விட்ட பிழை அதுவாகத்தான் இருக்கும்.

தண்ணீர்க் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கழுவாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இன்னும் சில மாதத்தில் அத்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இதே நாற்காலிக்கு வருவார். இளைத்துவிட்டாய் என்பார். ஒழுங்காகச் செய்தால் வரமாட்டார். பகல் முழுக்கப் பதில் சொல்ல முடியாத வாய்களோடு பேசிவிட்டு வீட்டுக்குப் போய், ஒரு தட்டு, ஒரு தம்ளர் கழுவிக் கவிழ்க்கிறேன். புருஷன் போனது இவ்வளவு வலிக்கவில்லை. அவனோடு இவரும் போனதுதான் வலித்தது.

அத்தையின் கையில் எச்சில் குழாய் லேசாகச் சறுக்கியது. குழாய் நழுவிவிடக் கூடாதென்று இன்னும் இறுக்கிப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கழுவினேன். காயவைத்துப் பார்த்துவிட்டு மறுபடி கழுவினேன். போதும் என்பதுபோல அவர் முகம் சுளித்த பிறகும் விடவில்லை. ஈறு கசியவில்லை. பசை வைத்து, அடுக்கடுக்காக அடைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தேன். அடைப்பின் ஓரம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

நாற்காலியை நிமிர்த்தினேன். அத்தை நாக்கால் தடவிப் பார்த்தார்.

"இது எவ்வளவு நாளைக்கு நிக்கும்?"

"ரொம்ப வருஷம் நிக்கும் அத்தை. இதுக்காக நீங்க அலைய வேண்டியதில்ல."

"அப்படியா" என்றார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கைப்பையின் வாரைத் தோளில் மாட்டியவர் எழுந்திருக்கவில்லை. வாரைத் திரும்பக் கழற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் சாய்ந்தார்.

"இந்தப் பக்கமும் என்னமோ கூசுற மாதிரி இருக்கு. பாரேன்."

விளக்கை இழுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கப் பற்கள் எல்லாமே நன்றாக இருந்தன. சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, முதல் பல்லிலிருந்து ஒவ்வொன்றாக, மெதுவாகப் பார்க்க ஆரம்பித்தேன்.