கூடையில் ஒரு கால்

மூன்று வயது நிறையாத குழந்தை ஒரு சாமானை எந்தக் கூடையில் போடுகிறதோ, அந்தச் சாமான் அந்தக் கூடையின் இனம். கொத்தவால் தெருவில் இதுதான் வழக்கம். குழந்தை தானாக எடுத்து மாற்றிப் போடும்வரை பெரியவர்கள் கை வைக்கக் கூடாது. அடுத்த வீட்டு அசன் மாமாவை அவர் மகள், தன் மூன்றாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், குடையோடு சேர்த்துவிட்டாள். அதற்குப் பிறகு மாற்ற வழியில்லை. மனிதர் மழை பெய்தால் வெளியே வருவார். வெயிலடித்தால் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்பார். தங்கமான மனிதர்.

நைனா முகம்மது சார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தான். மகள் ருகையா தவழ்ந்ததையும் நடந்ததையும் அவன் போனில்தான் பார்த்திருந்தான். இப்போது அவளுக்கு இரண்டு வயது. விடுப்பு முடிவதற்குள் அவள் அவனை வீட்டுச் சாமான்களோடு சேர்த்துவிட வேண்டும் என்று அவன் தவித்தான். வீட்டுச் சாமானை யாரும் ஊரைவிட்டு அனுப்ப முடியாது. சேர்க்காவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான்.

மனைவி ஜுலைகா காலைதோறும் கூடத்தில் பாய் விரித்து, பிளாஸ்டிக் கூடைகளைச் சுற்றி வைத்து, வீட்டிலுள்ளதை எல்லாம் நடுவில் கொட்டுவாள். கரண்டி, சோப்பு, கொண்டைக்கடலை டப்பா, துணி மாட்டும் கிளிப். கடைசியில் நைனாவும் போய் அவற்றோடு உட்கார்ந்துகொள்வான். முழு ஆள் கூடையில் கொள்ளாது. ஒரு கால் உள்ளே இருந்தால் போதும்.

"வாயத் தொறக்கக் கூடாது மச்சான். கண்ணும் காட்டக் கூடாது. புள்ள தானா போடணும். அப்பத்தான் அது படிப்பு" என்றாள் ஜுலைகா. படிப்பு விஷயத்தில் அவள் கண்டிப்பானவள்.

முதல் தடவை ருகையா அவன் காலைத் தூக்கி, போனும் சார்ஜரும் ரிமோட்டும் கிடந்த கூடையில் வைத்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்ததிலிருந்து அவளுடைய வாப்பா போனுக்குள்தான் இருந்தார். மதியம் சாப்பிட்டதும் ஜுலைகா அவனைப் பிளக்குக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒயரைச் சட்டைக் காலருக்குள் செருகினாள். சாயங்காலம்வரை அவன் அசையவில்லை. உடம்புக்கு நன்றாகத்தான் இருந்தது. மனசுக்குத்தான் ஒப்பவில்லை.

மறுநாள் கைலி மடிப்பில் கிரீம் பிஸ்கட்டை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்தான். ருகையா மோந்து பார்த்தாள்; தின்னும் சாமான் கூடையில் அவனைச் சேர்த்தாள். அதுவும் வீட்டுச் சாமான்தானே என்று அவன் வாதாடிப் பார்த்தான்.

"தின்னு தீந்துபோற சாமான்" என்றாள் ஜுலைகா. எறும்பு ஏறாமலிருக்க அவன் நாற்காலியின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவனுடையது ஒரு வேளைகூடத் தாங்கவில்லை.

அதன்பின் அவன் தந்திரங்களை விட்டுவிட்டு மகளோடு சும்மா விளையாடினான். அவன் டம்ளர் மேல் டம்ளர் அடுக்குவான், அவள் தள்ளிவிடுவாள், அவன் மறுபடி அடுக்குவான். சார்ஜா கிடங்கிலும் அவனுக்கு அடுக்குகிற வேலைதான். இங்கே சரிந்தால் யாரும் வையவில்லை, கைதான் தட்டினார்கள்.

விடுப்பின் கடைசிக் காலையில் விமான நிலையத்துக் கார் வாசலில் வந்து நின்றது. ஜுலைகா பாயை விரித்தாள். ருகையா எந்தக் கூடையையும் தொடவில்லை. பீரோவுக்குப் பின்னால் புகுந்து, கைப்பிடி உடைந்த பழைய கூடை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். அதில் ஒரு புளி உருண்டை, குக்கர் வெயிட், ஒற்றைச் செருப்பு. அவற்றைத் தள்ளி இடம் பண்ணி, வாப்பாவின் காலை உள்ளே வைத்தாள்.

"இது என்ன இனம்? வீட்டுச் சாமானா?" காலை அசைக்காமல் நைனா கேட்டான்.

ஜுலைகா குனிந்து பார்த்தாள். "இல்ல மச்சான். இந்த வெயிட்ட எத்தன நாளாத் தேடுறேன் தெரியுமா. யாருக்கும் குடுக்க மாட்டேன்னு புள்ள ஒளிச்சு வச்சிருக்குற சாமான் இது."

நைனாவுக்கு அழுகை வந்தது. அழுதான்.

கார்க்காரர் எட்டிப் பார்த்தார். "குடுக்காத சாமானா? அப்பச் சரி. இவருக்குப் பதிலா யாரு வர்றா?"

கிளம்பத் தயாராக நின்றது பெட்டி ஒன்றுதான். பெயரும் சார்ஜா விலாசமும் அதன் மேலேயே ஒட்டியிருந்தன. கார்க்காரர் அதை முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போட்டுக் கூட்டிப்போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பெட்டி வீடியோவில் வந்தது. வேலை பழகிவிட்டதாம். ரூமில் எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களாம். கொஞ்சம் இளைத்திருந்தது.

"சாப்ட்டியா?" என்று கேட்டான் நைனா.

"சாப்ட்டேன்" என்றது பெட்டி.

அது சாப்பிட்டிருக்கவில்லை என்று நைனாவுக்குத் தெரியும். அவனும் அங்கிருந்து அப்படித்தான் சொல்வான்.