தொண்ணூற்றெட்டுக்குப் பழகிய இஞ்சின்

முழுத் தொட்டியைக் காட்டி நின்ற பெட்ரோல் முள்ளைப் பார்த்ததும் பல் மருத்துவர் கணவர் பக்கம் திரும்பினாள். காலையில் பந்தய வண்டியை மலையடிவாரத் திடலில் கொண்டுவந்து நிறுத்தியபோது அந்த முள் கால் பங்கில்தான் இருந்தது. கால் பங்கும் தொண்ணூற்றெட்டு ஆக்டேன் பெட்ரோல். உச்சிவரை ஒருமுறை ஏறி இறங்க அது போதும், பாரமும் குறையும்.

"என்னங்க, டேங்க் எப்படி ரொம்புச்சு?"

கணவர் முகம் மலர்ந்தார். "நான்தான். நீ மீட்டிங்ல இருந்தப்ப பங்க் வரைக்கும் போய் ஃபுல் பண்ணிட்டு வந்துட்டேன்."

"எந்த பெட்ரோல்?"

"அங்க இருந்ததுதான். தொண்ணூத்தொண்ணு. ஒசத்தி சரக்கு காலியாம், லாரி வரலையாம்."

அவள் கதவில் சாய்ந்துவிட்டாள். கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். எந்த வண்டியாயினும் முள் பாதிக்குக் கீழே இறங்கக் காணச் சகியார். எண்ணெயின்றி நடுவழியில் நிற்றலினும் பெரிய பாவம் உலகில் இல்லையென்று உறுதியாக நம்புபவர். பிறர் உயிரைக் காத்த அந்த நல்லொழுக்கம் இன்று தம் வீட்டுக்கே வினையாயிற்று.

அந்தச் சிவப்பு வண்டியின் இஞ்சினைக் கட்டியவர் கணவரின் அக்கா. பிஸ்டன் முதல் டர்போ வரை தம் பட்டறையில் தம் கையாலேயே பூட்டியவர். எந்தக் கணத்தில் தீப்பொறி விழவேண்டும், டர்போ எவ்வளவு காற்றை அழுத்தித் திணிக்கவேண்டும் என்னும் கணக்குக்கு மேப் என்று பெயர். அதையும் அவரே எழுதி, பிறர் தொடாதபடி கடவுச்சொல்லிட்டுப் பூட்டியிருந்தார். உயர்ந்த பெட்ரோலை நம்பி எழுதிய கணக்கு அது. தாழ்ந்த பெட்ரோல் அந்த அழுத்தத்தைப் பொறுக்காது. பொறியில் பிறந்த தீ பரவி வந்து சேருமுன்னரே மூலையில் ஒதுங்கிய கலவை தானாக வெடிக்கும்; வெண்கலப் பானையில் கூழாங்கல்லை இட்டுக் குலுக்கினாற்போல் ஓசை எழும்; அடி பிஸ்டனின் தலையில் இறங்கும். சில அடிகள் தாங்கும். மலை முழுவதும் தாங்காது.

தம்பிக்கு மணமாகும்வரை அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கை அக்காவினுடையது. வீட்டுக்கு வந்தவள் பல் பிடுங்கும் கையாலேயே ஸ்டியரிங்கையும் பிடுங்கிக்கொண்டாள் என்பது அவருடைய தீராத வழக்கு. வழக்கைத் தீர்க்க மூவருமாக ஓர் உடன்பாடு செய்திருந்தனர். இப்பருவத்தின் கடைசிப் பந்தயமாகிய இன்றைய ஏற்றத்தை அவள் உச்சிவரை முடித்தால் இருக்கை என்றும் அவளுக்கே. நடுவழியில் நின்றாலும், ஓடாமலே திரும்பினாலும், அக்காவுக்கு.

செய்தி கேட்டு நாத்தனார் லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். முதல் அம்பு தம்பிமேல் பாய்ந்தது.

"டேய், மூளைய எங்கடா வச்சுட்டு வந்தே? ஸ்ட்ரெச்சர்லயா?"

"பெட்ரோல் பெட்ரோல்தானே அக்கா..."

"ஆமா. மயக்க மருந்தும் பச்சத் தண்ணியும் ஒண்ணுதான். உன் பொண்டாட்டியக் கேளு, சொல்லுவா."

அவர் இரண்டு பெண்களுக்கும் நடுவிலிருந்து மெல்ல நழுவி, காற்றுக் குறையாத டயரில் காற்றைச் சோதிக்கத் தொடங்கினார்.

"உங்க வேன்ல ரெண்டு கேன் பார்த்தேன், அண்ணி" என்றாள் பல் மருத்துவர்.

"பார்த்திருப்பே. அடுத்தவங்க பொருள் மேலதானே உனக்குக் கண்ணு. அது என் பட்டறைக்கு வர்ற நீல வண்டிக்காரரோடது. ஒருத்தர் தட்டுல இருந்து எடுத்து இன்னொருத்தருக்குப் போட மாட்டேன்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"ஓட்டாதே. லாரியில ஏத்திட்டு வீட்டுக்குப் போ. இஞ்சினாவது பொழைக்கும்."

"சீட்டும் உங்க மடியில வந்து விழும்."

"விழுந்தா தட்டிவிட மாட்டேன்."

ஒலிபெருக்கி அடுத்தடுத்த வண்டிகளை அழைத்துக்கொண்டிருந்தது. வாங்கவும் கெஞ்சவும் நேரமில்லை. பக்கத்து வண்டிக்காரர்கள் தத்தம் கேன்களின்மேல் ஏறி அமராத குறையாகக் காவல் நின்றனர். அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"இந்த பெட்ரோலுக்குத் தகுந்த மாதிரி மேப்பை மாத்தி எழுத முடியுமா, முடியாதா? முடியாதுன்னா சொல்லிடுங்க. அதுலயும் ஒண்ணும் தப்பில்ல."

நாத்தனாரின் முகம் சிவந்தது. "என்னாலயா? முடியாதா? நகரு."

கேபிளை மாட்டித் தரையிலேயே சம்மணமிட்டு அமர்ந்து எழுதலானார். அழுத்தத்தை இறக்கினார், தீப்பொறியைத் தாமதப்படுத்தினார், வெப்பம் தணியப் பெட்ரோலைச் சற்றுக் கூட்டினார். விரல்கள் பகையறியாமல் ஓடின. வாய்மட்டும் ஓயவில்லை.

"எவ்ளோ குறைச்சீங்க?"

"உன் வாயக் குறைக்க வேண்டிய அளவுக்கு இல்ல."

"வேணும்னே மாட்டு வண்டி ஆக்கிடாதீங்க அண்ணி."

"மாடு மேல போய்ச் சேரும். அது உனக்குப் போதும்." பின்பு, ஸ்டியரிங்கின் அருகிலிருந்த சிறு சுவிட்சைச் சுட்டினார். "இது மேல இருந்தா பழைய மேப். கீழ இருந்தா இப்ப எழுதினது. கீழயே இருக்கட்டும். ஆசைப்பட்டு மேல தள்ளினே, அப்புறம் பிஸ்டனைத் துண்டு துண்டாப் பொறுக்கணும். உனக்குத்தான் இடுக்கி பிடிச்சுப் பழக்கமாச்சே."

"அப்ப பழசை எதுக்கு விட்டு வைக்கிறீங்க? அழிச்சிருங்க."

"என் எழுத்தை அழிக்கச் சொல்ல நீ யாரு?"

ஒலிபெருக்கி சிவப்பு வண்டியை அழைத்தது.

முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. மதயானை போல் முதுகில் அறைந்து தள்ளும் வண்டி இன்று நோயில் எழுந்தவன்போல் நடந்தது. காலால் மிதித்தாள், ஓசைதான் எழுந்தது, விசை எழவில்லை. வளைவில் நின்ற கூட்டத்திலிருந்து ஒருவன் "டாக்டரம்மா, வண்டிக்கே பல்வலியா?" என்று கத்தினான். சிரிப்பொலி தலைக்கவசத்தையும் துளைத்து உள்ளே வந்தது.

நடுமலையின் நீண்ட நேர்ச்சாலை கண்ணெதிரே விரிந்தபோது அவளுடைய கட்டைவிரல் தானாகவே சுவிட்சைத் தேடிச் சென்று அதன்மேல் அமர்ந்தது. ஒரே தள்ளல். இந்த நேர்ச்சாலைக்கு மட்டும். அடுத்த வளைவில் இறக்கிவிடலாம். தொட்டியில் கால் பங்கு நல்ல பெட்ரோலும் கலந்துதானே இருக்கிறது?

அப்போது தரையில் சம்மணமிட்டிருந்த உருவம் நினைவில் எழுந்தது. சுவிட்சைக் காட்டிய அந்த விரல். அளவுக்கு மீறிய அந்த எச்சரிக்கை. தள்ளு என்று சொன்னால் தள்ளமாட்டாள், தள்ளாதே என்றால் தள்ளுவாள் என்று கணக்கிட்டவர் அவர். 'இதைத்தான் எதிர்பார்த்துக் கீழே காத்திருக்கிறாள். செய்வேனா?' அறிவுரை அடக்காத ஆசையைச் சினம் அடக்கிற்று. கட்டைவிரலை எடுத்து மற்ற நான்கு விரல்களோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். மிதிவண்டியில் வரும் சிறுமிகூட முந்திவிடுவாள் போன்ற வேகத்தில், பல்லைக் கடித்தபடி, உச்சிக்கோட்டைக் கடந்தாள். அவள் பிரிவில் கடைசி இடம். ஆனால் முடித்துவிட்டாள்.

திடலுக்கு இறங்கி வந்ததும் நாத்தனார் கேபிளை மாட்டினார். திரையைக் கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் தேடினார். ஓட்டத்தின் ஒவ்வொரு நொடியும் அதில் பதிவாகியிருந்தது.

"பிஸ்டன்ல ஒரு அடிகூட விழல" என்றார், ஏதோ இழந்தவர்போல.

"நான் தள்ளுவேன்னுதானே பழசை விட்டு வச்சீங்க? தள்ளல பாருங்க. உங்க திட்டம் பலிக்கல."

"தள்ளியிருந்தாலும் இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. மேலயும் கீழயும் ஒரே மேப்தான். புதுசு."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. "அப்ப எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"நீ சுவிட்சைத் தொட்டா இதுல பதிவு விழும். இவன்கிட்ட காட்டியிருப்பேன். பாருடா, சொல்லியும் கேக்காம தள்ளியிருக்கா, இவகிட்டயா வண்டியக் குடுக்கறேன்னு. முடிச்சிருந்தாலும் சீட்டைப் பிடுங்கியிருப்பேன்." லேப்டாப்பை மூடினார். "உன்னைக் கவுக்கணும். அதுக்காக என் இஞ்சினை பலி குடுப்பேனா?"

கணவர் டயரிலிருந்து தலையை நிமிர்த்தி, இருவரையும் பார்த்துவிட்டு மீண்டும் குனிந்துகொண்டார்.

பல் மருத்துவர் இருக்கையைவிட்டு எழவில்லை. பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. "சீட்டு எனக்கு. அதுல இனி பேச்சில்ல. அடுத்த வருஷ மேப்பும் நீங்கதான் எழுதுவீங்க."

"என் செருப்பு எழுதும்."

"எழுதாதீங்க. வேற ஒரு பட்டறையில குடுத்துக்கறேன். அவங்க உங்க பூட்டை உடைச்சு, உங்க கணக்கை அழிச்சு, அவங்க இஷ்டத்துக்கு எழுதுவாங்க. நீங்க வேலிக்கு வெளிய நின்னு அந்தச் சத்தத்தைக் கேளுங்க."

நாத்தனார் வண்டியின் முன்பக்கம் வந்து நின்றார். கை தானாகவே நீண்டு, சூடாறாத பானெட்டின்மேல் படிந்தது. பழுதிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல் வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"ஹெல்மெட்டைக் கழட்டுடி" என்றார் கடைசியில். "மூஞ்சியப் பார்த்துத் திட்டணும்."

அவள் கழற்றவில்லை.